பழைய பெட்ரோல் லாரியில் காற்றுக் கசிவு

கோட்டாறு சந்தைக்கு வாழைக்குலையோ வடசேரித் தறிகளுக்கு நூல் சிப்பமோ ஏற்றிய பழைய பெட்ரோல் லாரி, நின்ற நிலையில் குலுங்கி அணைந்துபோனால், அங்கத்தினர் பலர் உடனே கார்புரேட்டர் திருகைத் திருப்புகின்றனர். அது தவறு. முதலில் குறையின் இடத்தை அறிதல் வேண்டும்.

காற்றுக்குத் தக்க பெட்ரோலை அளந்து விடுவதே கார்புரேட்டரின் வேலை. அதற்கும் எஞ்சினுக்கும் இடையே கேஸ்கட் பிளந்தாலோ, வாக்குவம் குழாய் வெடித்தாலோ, அவ்வளவில் அடங்காத காற்று உட்புகும். மெதுவோட்டத்தில் இக்குறை நன்கு தெரியும்; வேகமெடுத்தால் மறையும். சோக்கைச் சிறிது இழுத்ததும் ஓட்டம் சீராயின் கசிவு என ஐயுறலாம். எனினும் மெதுவோட்ட ஜெட் அடைபட்டாலும் இவ்வாறே நேரும். ஆகவே சூடான புகைக்குழாயில் படாமல், இணைப்புகளில் எஞ்சின் எண்ணெய் சில துளி விட்டுப் பாருங்கள். எவ்விடத்தில் விட்டதும் எஞ்சின் ஒலி மாறுகிறதோ, அங்கேதான் கசிவு. பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பாரும் உளர். அது தீயை வலிய அழைப்பதாகும். கசிவோடே நெடுந்தூரம் ஓட்டினால் வால்வுகள் கருகக்கூடும்.

நின்ற நிலையில் நன்றாக ஓடி, கீரிப்பாறை மலைச் சாலையில் சுமையுடன் திணறுமாயின், பெரும்பாலும் பெட்ரோல் வரத்தே குறைவு. வடிகட்டி, பம்பு டயாப்ரம், ஜெட் என வரிசையாகப் பார்க்கவும். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். காற்றால் ஊதுங்கள்.

2023 முதல் விற்பனைக்கு வந்த, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடுவதுண்டு. குழாயும் டயாப்ரமும் மாற்றுகையில் எத்தனாலைத் தாங்கும் வகைதானா எனக் கேட்டு வாங்குக.