கொல்லைப்புறத்தில் குஞ்சு பொரித்தால்...

1. முதலில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள். வாயகன்ற மண்தட்டு போதும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் கிடந்தால் சிட்டுகள் அதில் நின்று குளிக்கும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றாவிட்டால் கொசுதான் குஞ்சு பொரிக்கும்.

2. முறுக்கு, மிக்சர் மிச்சத்தைப் போடாதீர்கள்; உப்பும் எண்ணெயும் ஆகாது. ஒரு பிடி கம்பு, தினை போடலாம். செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைத்தால் தேன்சிட்டு தானே வரும்.

3. தோட்டத்துச் சிலந்தி வலையை ஒட்டடை என்று அடிக்காதீர்கள். இலையைத் தைக்கத் தையல்சிட்டுக்கும், கூட்டைப் பின்னத் தேன்சிட்டுக்கும் அந்த நூல் வேண்டும். தேன்சிட்டுக் கூடு, ஏதோ குப்பை கொடியில் சிக்கித் தொங்குவது போலவே இருக்கும். சருகும் பட்டைத் துணுக்கும் புழுவின் எச்சமும்கூட ஒட்டியிருக்கும். கிட்டப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேலே குட்டித் தாழ்வாரம், உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வளைந்த அலகு. அடைகாப்பது பெரும்பாலும் பெண்தான். இரை ஊட்ட ஆணும் வரும்.

4. கிளை கழிக்கும் முன் இலைக்கொத்துக்குள் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

5. குஞ்சு பொரித்துவிட்டதா என்று அறியக் கூட்டை எட்டிப் பார்க்க வேண்டாம். தாய் புழுவோடு உள்ளே போய், வெள்ளை உருண்டை ஒன்றைக் கவ்வியபடி வெளியே வந்தால் பொரித்தாயிற்று. அது குஞ்சின் எச்சம். சவ்வுப் பைக்குள் பொட்டலமாகவே வருகிறது. டயப்பர் மாற்றும் அம்மாக்களுக்குப் பொறாமையாக இருக்கும்!

6. படம் எடுக்க இலையை விலக்காதீர்கள். நீங்கள் காட்டிக்கொடுக்கும் இடத்தைக் காகமும் செண்பகமும் கவனித்துக்கொண்டிருக்கும். சன்னலுக்குப் பின்னால் நின்று பாருங்கள்.

7. தரையில் குஞ்சு கிடந்தால் முதலில் இறகைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தினால் அது பறக்கப் பழகுகிறது. தாய் தகப்பன் பக்கத்திலேயே இருக்கும். பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். பூனை, நாய் நடமாடும் இடமென்றால் அருகிலுள்ள செடியில் ஏற்றிவிடலாம். இறகில்லாத குஞ்சென்றால் அதே கூட்டில் வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் கட்டுக்கதை. வாயில் பாலும் தண்ணீரும் ஊற்றுவதுதான் ஆபத்து, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். 'பாவம்' என்று அட்டைப்பெட்டியில் எடுத்து வைப்பது, பெரும்பாலும் காப்பாற்றுவது அல்ல, கடத்துவது.

8. காக்கையைத் துரத்தி வாயைப் பிளக்கும் குஞ்சு குயிலாக இருக்கலாம். தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு ஒரு குருவி இரை ஊட்டினால், அது அக்காக்குயிலின் பிள்ளையாக இருக்கலாம். அநியாயம் என்று தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம்.

9. கிளி, மைனாக் குஞ்சுகளை எடுத்துக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

10. பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் கொல்லைப்புறமும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் எண்ணி, இபேர்டு (eBird) இணையதளத்தில் பதிய வேண்டும். காகமும் மைனாவும் மட்டும் வந்தாலும் கூச்சப்படாமல் பதியுங்கள்.