கடைசிச் சொல்லை முதலில் படி

பன்னிரண்டின் காரணிகளை எழுதச் சொல்லியிருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 12, 24, 36, 48 என்று அழகான கையெழுத்தில் எழுதி, கடைசியில் மூன்று புள்ளியும் வைத்திருந்தாள். வாய்ப்பாட்டில் ஒரு பிழை இல்லை. ஆனால் அவள் எழுதியவை மடங்குகள்.

திருவண்ணாமலை வட ஒத்தவாடைத் தெருவுக்குப் பக்கத்தில், வீட்டுத் திண்ணையில், பல வருடமாகச் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இந்தக் குழப்பத்தைப் பார்க்காத வருடம் இல்லை. ஆரம்பத்தில் வரையறையை மனப்பாடம் செய்யச் சொல்வேன், பத்து முறை எழுத வைப்பேன். அடுத்த வாரம் அதே பிழை திரும்பி வரும். கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, நான் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் இருந்தது என்பது ஒரு கார்த்திகை மாதத்தில்தான் எனக்கு விளங்கியது.

தீபத்துக்காக அகல்களைக் கழுவிக் காயவைத்திருந்தேன். அதில் 24 எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, "எல்லா வரிசையிலும் ஒரே அளவு வரணும், ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது, வை பார்க்கலாம்" என்றேன். ஒரே வரிசையில் 24 வைத்தாள். பிறகு இரண்டு வரிசை, பன்னிரண்டு பன்னிரண்டாக. மூன்று வரிசை, எட்டு எட்டாக. நான்கு வரிசை, ஆறு ஆறாக. ஐந்து வரிசை வைத்தபோது நாலு அகல் கையில் நின்றுவிட்டது. ஆறு வரிசை வைக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"மிஸ், இது ஏற்கெனவே வெச்சதுதான். இந்தப் பக்கம் வந்து உக்காந்தா நாலு வரிசை, அந்தப் பக்கம் போனா ஆறு வரிசை."

காரணிகள் சோடி சோடியாகத்தான் வரும், சோடி திரும்ப ஆரம்பித்த இடத்தில் தேடலை நிறுத்திவிடலாம் என்பதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவள் அகல் வைத்தே அதைக் கண்டுகொண்டாள். 1-24, 2-12, 3-8, 4-6. மொத்தம் எட்டுக் காரணிகள், ஒன்றும் விட்டுப்போகாது. அடுத்து 23 அகல் கொடுத்தேன். எப்படி வைத்தாலும் ஒரே வரிசைதான். பகா எண் என்ற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன். முதலில் பொருள், பிறகு பெயர். இந்த வரிசையை அன்றிலிருந்து மாற்றவில்லை.

மடங்கு என்ற சொல் அவளுக்குப் புதிதே அல்ல. அவள் அம்மா பூக்கட்டி விற்பவர். தீபத்தன்று பூ விலை நாலு மடங்கு ஏறும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு 24 அகல் என்றால் இரண்டு வீட்டுக்கு 48, மூன்று வீட்டுக்கு 72. தெரு நீள நீள எண்ணிக்கை போய்க்கொண்டே இருக்கும். காரணி வீட்டுக்குள் இருப்பது, எண்ணி முடித்துவிடலாம். மடங்கு தெருவில் போவது, அதற்கு முடிவில்லை.

பிள்ளைகள் அடுத்து தடுக்கி விழும் இடம் மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) இரண்டும். வழிமுறை அவ்வளவு கடினமில்லை. பெயர்தான் ஏமாற்றுகிறது. 'மீப்பெரு' என்று கேட்டதும் பெரிய விடையைத் தேடுகிறார்கள், 'மீச்சிறு' என்றதும் சின்னதை. நடப்பது நேர்மாறாக அல்லவா இருக்கிறது! அதனால், கடைசிச் சொல்லை முதலில் படிக்கச் சொல்கிறேன். கடைசியில் 'காரணி' இருந்தால், விடை கொடுத்த எண்களைத் தாண்டாது. 'மடங்கு' இருந்தால், அவற்றுக்குக் கீழே இறங்காது. சிறிய பொதுக் காரணியை யாரும் கேட்பதில்லை, அது எப்போதும் 1. பெரிய பொது மடங்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால்தான் காரணியில் பெரியதையும் மடங்கில் சிறியதையும் கேட்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு தலைகீழாக எழுதும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

கிரிவலம் வருகிறவர்களுக்குக் கொடுக்க 48 லட்டு, 36 வாழைப்பழம் இருக்கின்றன. எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதிகபட்சம் எத்தனை கட்டலாம்? பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு லட்டு, மூன்று பழம். இது மீ.பெ.கா. மீ.சி.ம.வுக்கு நான் சொல்வது தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். குரு ஏறத்தாழ 12 ஆண்டில் ஒரு சுற்று வருகிறது, சனி ஏறத்தாழ 30 ஆண்டில். இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்ப 60 ஆண்டு. பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுப் பெயர்களும் அறுபதுதான். கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி: பெரிய எண்ணின் மடங்குகளை மட்டும் சொல்லிக்கொண்டு போ, சிறிய எண் எதில் மீதியில்லாமல் போகிறது என்று பார். 30-இல் 12 போகாது, 60-இல் போகும். முடிந்தது.

ராஜகோபுரத்தின் கீழே நிறுத்தியும் ஒரு கணக்குக் கேட்பேன். உயரம் 217 அடி. 217 பகா எண்ணா? இரட்டை எண் இல்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10, அதனால் மூன்றும் போகாது, கடைசியில் 0, 5 இல்லை. உடனே "பகா எண்!" என்று கத்துவார்கள். ஏழாம் வாய்ப்பாட்டை யாரும் தொடுவதில்லை. 7 × 31 = 217. பதினைந்து பதினைந்து 225, அது 217-ஐத் தாண்டிவிடுகிறது. ஆக 7, 11, 13 வரை பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஐந்தோடு நிறுத்துவது பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் அவசரம்.

நம் பழைய நெல் அளவையையும் ஒருநாள் சொல்லிக்கொடுங்கள். 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், ஆக ஒரு கலத்துக்கு 96 நாழி. 96-க்குப் பன்னிரண்டு காரணிகள். 100-க்கு ஒன்பதுதான், அதிலும் மூன்று இல்லை. மூன்று பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என யார் கூலிக்கு நின்றாலும் கலத்தைச் சிந்தாமல் பங்கு போடலாம்.

வரும் கார்த்திகைக்கு அகல் எடுத்து வைக்கும்போது, வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு 36-ஐக் கையில் கொடுங்கள். சோடி சேராமல் ஆறு மட்டும் தன்னோடு தானே நிற்பதை அது கண்டுபிடிக்கும்வரை நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.