இரண்டு கேபிளும் ஒரே பெட்டியில்

வாலாஜாபேட்டை வாசகத் தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டேனரி அலுவலக சர்வரில் இருந்த இரண்டு ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் கார்டுகளை டீமிங் போட்டு ஒன்றாக்கியிருக்கிறீர்கள். திரையில் இரண்டு ஜிகாபிட் என்று காட்டுகிறது. ஆனால் பேக்கப் ஃபைலை நகல் எடுத்தால் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டவில்லை, கார்டு பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை தம்பி, அது அப்படித்தான் ஓடும்.

வாலாஜா டோல்கேட்டைப் பாருங்கள். இன்னொரு வழியைத் திறந்துவிட்டால் வரிசை குறையும். ஆனால் ஒரு லாரி ஒரு வழியில்தான் நுழைய முடியும். ஒரே ஃபைலின் துண்டுகளை இரண்டு கார்டிலும் பிரித்து அனுப்பினால் பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரும். வாங்குகிற கம்ப்யூட்டர் நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்கும், வேகம் இன்னும் குறையும். அதனால்தான் யாரிடமிருந்து யாருக்கு என்ற முகவரியை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு உரையாடலை ஒரே கார்டில் கட்டிவிடுகிறார்கள். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது இரண்டாவது கார்டின் பலன் தெரியும்.

வேகத்தை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறு வரி. கணக்கு, வருகைப் பதிவு, ஃபைல் சர்வர், கழிவுநீர் மீட்டர்களின் அளவை அனுப்பும் கம்ப்யூட்டர் என நான்கையும் ஒரே பெட்டிக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பு ஒரு கேபிள் போனால் ஒரு வேலை நிற்கும். இப்போது நான்கும் ஒரே விர்ச்சுவல் ஸ்விட்ச் வழியாக, ஒரே டீம் வழியாக வெளியே வருகின்றன. அதிலும் அந்த நான்காவது சாதாரணமானதல்ல. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கிய 17 தொழில்களில் டேனரியும் ஒன்று. டேனரிக் கழிவால் பாலாறு பட்ட பாட்டை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மீட்டர்களின் அளவு ஒரு மணி நேரம்கூட விட்டுப்போகக் கூடாது.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலைக்கு நானே டீமிங் அமைத்துக் கொடுத்தேன். இரண்டு கார்டு, இரண்டு கேபிள், இரண்டும் ஒரே ஸ்விட்சில். யுபிஎஸ்ஸில் இடம் இல்லாததால் அந்த ஸ்விட்சின் பிளக்கைச் சுவரில் செருகியிருந்தேன். ஒரு மாலை கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்த நேரத்தில் ஸ்விட்சின் பவர் சப்ளை எரிந்துவிட்டது. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதனிடம் பேசத்தான் வழியில்லை. துறைமுகத்துக்குப் போகவேண்டிய கண்டெய்னர் லாரி ஏற்றி முடித்து கேட்டில் நின்றது. இ-வே பில் எடுக்க முடியவில்லை. வேறு ஸ்விட்ச் கொண்டுவந்து மாட்டும்போது இரவு பதினோரு மணி. அந்த டிரைவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே முதல் வேலையாக இரண்டு கேபிளையும் இரண்டு ஸ்விட்சுகளில் போடுங்கள். இரண்டுக்கும் யுபிஎஸ் கரண்ட் கொடுங்கள். முடிந்தால் ஒரே கார்டின் இரண்டு போர்ட்டுகளை டீம் ஆக்காமல், போர்டோடு வந்ததில் ஒன்றும் தனிக் கார்டில் ஒன்றுமாக எடுங்கள். ஸ்விட்சோடு பேசிவைத்துக் கட்டும் எல்ஏசிபி முறை வேண்டாம். உங்களிடம் இருப்பதுபோன்ற சாதாரண ஸ்விட்சுகள் இரண்டில் பிரித்து மாட்டினால் அது சேராது. ஸ்விட்சைச் சாராத முறையே போதும்.

விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த பழைய டீமிங்கில் 32 கார்டுவரை சேர்க்கலாம். ஆனால் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்-விக்கு 2016-இலிருந்து விர்ச்சுவல் ஸ்விட்சுக்குள்ளேயே டீம் கட்டும் முறை வந்துவிட்டது. அதில் எட்டுதான், எல்லாம் ஒரே வகைக் கார்டாக இருக்கவேண்டும். போர்டில் இருப்பதும் தனிக் கார்டும் வெவ்வேறு வகையென்றால் அதே வகையில் இன்னொரு தனிக் கார்டு வாங்கிவிடுங்கள், விலை பெரிதில்லை. 2022-க்கு மாறும்போது பழைய டீமின்மேல் ஹைப்பர்-வி ஸ்விட்ச் கட்டப் பார்த்தால் மறுத்துவிடும், இப்போதே மாற்றிவிடுங்கள். லினக்ஸ் என்றால் ஆக்டிவ்-பேக்கப் பாண்டிங், அதன்மேல் பிரிட்ஜ்.

லினக்ஸில் ஒன்று கவனியுங்கள். வழக்கமாக வைக்கும் எம்ஐஐ சோதனை, கார்டில் லிங்க் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். பக்கத்து ஸ்விட்ச் உயிரோடிருந்து, அதற்கு மேலே இருப்பது செத்துப்போனால் விளக்கு பச்சையாகவே எரியும், டீம் அசையாது. ஏஆர்பி சோதனையை வைத்தால் கேட்வேயிடம் கேட்டுப் பார்த்து முடிவெடுக்கும்.

கேபிள் முனைகளையும் கவனிக்கவேண்டும். உங்கள் சர்வர் அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது? சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் என்றால் அடைத்துவிடுங்கள். அங்கிருந்து வரும் சல்பைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் லிங்க் விட்டுவிட்டு வந்த கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுப் பின்களில் மூன்று கரிபிடித்ததுபோல் இருந்தன. டீமில் ஒரு கால் மாதக்கணக்கில் நொண்டியிருக்கிறது, இன்னொன்று தாங்கியதால் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓயும்போது நான்கு விர்ச்சுவல் மெஷின்களுக்கும் பிங் போட்டுவிட்டு ஒரு கேபிளை உருவுங்கள். செருகிவிட்டு மற்றதை உருவுங்கள். பிறகு ஒரு ஸ்விட்சின் பிளக்கையே பிடுங்குங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை பிங் தவறியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்