வெள்ளியும் வியாழனும்: ஒரு மார்கழிக் கணக்கு

திருப்பாவையின் ஆறாம் பாசுரம் தொடங்கிப் பதினைந்தாம் பாசுரம் ஈறாகப் பத்துப் பாசுரங்கள் பத்துப் பெண்பிள்ளைகளைத் துயிலெழுப்புவன என்பது அன்பர்கள் அறிந்ததே. வாசலில் நிற்பவர்கள் பொழுது விடிந்தது என்கிறார்கள். உள்ளே கிடப்பவள் அதற்கு அடையாளம் கேட்கிறாள். இவ்வாறு உரையாடலாகக் கொண்டு பொருள் உரைப்பது நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழி. பறவைகளின் ஒலி, சங்கின் ஓசை, தயிர் கடையும் அரவம், வெளுத்த கீழ்வானம் என அடையாளங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பதின்மூன்றாம் பாசுரத்தில் வரும் அடையாளம் வானத்தில் இருக்கிறது. வெள்ளி உதித்துவிட்டது, வியாழன் மறைந்துவிட்டது என்பது அதன் கருத்து.

இவ்விடத்தில் நம் அன்பர்கள் மூன்று கேள்விகளைப் பலமுறை எழுப்பியுள்ளனர். ஒரே விடியலில் இவ்விரண்டும் நிகழக் கூடுமா? கூடுமாயின் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? அதைக் கொண்டு நாச்சியாரின் காலத்தை அறுதியிடலாமா? நாம் விண்ணியல் கற்றோம் அல்லோம். வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடுகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர்கள். ஆயினும் இக்கேள்விகளுக்கு வேண்டியது பெரும்பாலும் கூட்டலும் கழித்தலுமே என்பதால் துணிகிறோம்.

இத்துணிவுக்கு முன் நாம் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024-ஆம் ஆண்டு மார்கழியின் முதல் வாரம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பாகப் பேத்தியுடன் கோயிலுக்குப் புறப்பட்டோம். மேற்கே, தாழ்ந்த வானில், பேரொளியுடன் ஒன்று நின்றது. "அதோ பார், நாச்சியார் சொன்ன வெள்ளி" என்று கைகாட்டினோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் நின்றுவிட்டாள். "தாத்தா, நேற்று சாயங்காலம் மேற்கே காட்டி அதைத்தானே வெள்ளி என்றீர்கள்? அது அங்கேயே மறைந்ததே. ராத்திரிக்குள் மறுபடி மேற்கிலேயே எப்படி வந்தது?" என்றாள். நம்மிடம் விடை இல்லை. அவள் சொன்னதே சரி. மாலையில் கண்டது வெள்ளி. விடியலில் மேற்கே நின்றது வியாழன். முப்பது பாசுரங்களையும் நெஞ்சில் வைத்திருந்தும் வானத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்திராத குறை அன்று வெளிப்பட்டது.

வெள்ளி ஏன் சூரியனை விட்டு விலகுவதில்லை

திருவரங்கத்தின் திருச்சுற்றுகளை நினைத்துக்கொள்வோம். நடுவே கர்ப்பக்ருஹம் இருக்குமிடத்தில் சூரியன் இருப்பதாகக் கொள்க. முதற்சுற்றில் புதன், இரண்டாம் சுற்றில் வெள்ளி, மூன்றாம் சுற்றில் நாம் வாழும் பூமி, நான்காம் சுற்றில் செவ்வாய், ஐந்தாம் சுற்றில் வியாழன் என்று இவை வலம் வருகின்றன. சூரியனிலிருந்து வெள்ளியின் தொலைவு ஏறத்தாழ 10.8 கோடி கிலோமீட்டர். பூமியின் தொலைவு 15 கோடி. வியாழனின் தொலைவு 78 கோடி.

மூன்றாம் சுற்றில் நிற்கும் நாம் இரண்டாம் சுற்றில் நடப்பவரைக் காண எப்போதும் உட்புறமாகவே திரும்ப வேண்டும். அவர் ஸந்நிதிக்கு வலப்புறமோ இடப்புறமோ சற்று விலகித் தோன்றலாம். நம் முதுகுக்குப் பின்னால் ஒருநாளும் தோன்றமாட்டார். வெள்ளியின் நிலை இதுவே. அது சூரியனிலிருந்து ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. கையை நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு முட்டி வானில் சுமார் பத்துப் பாகையை மறைக்கும். ஆக, சூரியனுக்கும் வெள்ளிக்கும் இடையே ஐந்து முட்டிக்கு மேல் இடைவெளி இராது.

இதனால் வெள்ளி இரண்டு வேளைகளில் மட்டுமே கண்ணில் படுகிறது. சில மாதங்கள், சூரியன் மறைந்தபின் மேற்கே தோன்றும். வேறு சில மாதங்கள், சூரியன் எழுமுன் கிழக்கே தோன்றும். நம் நாட்டில் விடியலுக்கு முன் அது அதிகமாகப் போனால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் முந்தி எழும். நள்ளிரவில் உச்சி வானில் வெள்ளியைக் கண்டேன் என்று எவரேனும் சொன்னால் அவர் கண்டது வேறொன்று. விடியலில் மேற்கே கண்டேன் என்றாலும் அப்படியே. நம்மைப் போல அவரும் ஏமாந்தார் என்று கொள்க.

வியாழன் எங்கும் நிற்கும்

ஐந்தாம் சுற்றில் நடப்பவரோ ஸந்நிதியின் பக்கமும் தோன்றுவார். நாம் ஸந்நிதியை நோக்கி நிற்க, நம் முதுகுக்குப் பின்னாலும் தோன்றுவார். ஆகவே வியாழன் சூரியனுக்கு நேர் எதிரேயும் நிற்க வல்லது. அப்படி நிற்கும் நாட்களில் சூரியன் மறைய அது எழும். சூரியன் எழ அது மறையும். அதன்பின் நாள்தோறும் சுமார் நான்கு நிமிடம் முந்தி மறையும். ஒரு வாரத்தில் இது அரை மணி நேரமாகிவிடும்.

இப்போது முதற்கேள்விக்கு விடை தெளிவு. வெள்ளி விடிவெள்ளியாக இருக்கும் காலத்தில், வானில் அதற்கு எதிர்ப்புறத்தில் வியாழன் நின்றால், ஒன்று கிழக்கே எழும் வேளையில் மற்றொன்று மேற்கே மறையும். பாசுரம் சொல்லும் காட்சி நிகழக்கூடியதே.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்விரு பெயர்களையும் இடம் மாற்றி, விடியலில் வியாழன் எழ, வெள்ளி மறைந்தது என்று ஒருவர் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் அது எந்த யுகத்திலும், எந்த ஊரிலும் நிகழாது. விடியலில் வெள்ளி மறைவது என்பது வானில் இல்லை. இரண்டில் எது கூடுமோ அதுவே பாசுரத்தில் இருக்கிறது. கணக்குத் தணிக்கையாளன் கண்கொண்டு பார்த்தாலும் இவ்வரவில் பிழை இல்லை.

எட்டும் பன்னிரண்டும்

மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் இருக்கும். விடிவெள்ளி சூரியனுக்கு முன்னால் விருச்சிகத்திலோ துலாத்திலோ நிற்கும். எனவே எதிர்ப்புறமான ரிஷபத்திலோ மேஷத்திலோ வியாழன் இருக்க வேண்டும். வியாழன் ஒருமுறை வலம் வர 11.86 ஆண்டுகள் ஆகும். ஆகப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே இதற்கு இடம் உண்டு. அந்த ஆண்டுகளில் வெள்ளி மாலையில் தோன்றிக்கொண்டிருந்தால் அதுவும் பயன்படாது.

வெள்ளிக்கும் ஒரு சுற்றுக்கணக்கு உண்டு. அது பூமியை உட்புறமாக முந்திச் செல்வது சுமார் 584 நாட்களுக்கு ஒருமுறை. இவ்வாறு ஐந்து முறை முந்தினால் எட்டு ஆண்டுகள், இரண்டரை நாட்கள் குறைய, நிறைவு பெறும். எனவே இன்று வெள்ளி நிற்கும் நிலையை எட்டு ஆண்டு கழித்து, ஏறத்தாழ இதே தேதியில் மீண்டும் காணலாம்.

எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 24. பள்ளிக் கணக்குத்தான். 24 ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் ஏறத்தாழப் பழைய இடங்களுக்குத் திரும்புகின்றனர். 1999 மார்கழியில் வியாழன் மறைந்தபின் வெள்ளி எழுந்தது. 24 ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 17 அன்று, மார்கழி முதல் நாளில், சென்னையில் மூன்று மணி அளவில் வியாழன் மேற்கே மறைந்தது. மூன்றரை மணி அளவில் வெள்ளி கிழக்கே எழுந்தது. நாச்சியார் காட்டிய காட்சியே அது. நாம் அன்று போர்வைக்குள் இருந்தோம்.

24 ஆண்டுச் சுற்று முழுமையானதன்று. ஒவ்வொரு முறையும் வியாழன் எட்டுப் பாகை முன்னேறிவிடும். வெள்ளியும் ஒரு வாரம் பிசகும். ஆகவே சில சுற்றுகளுக்குப் பின் அந்த வரிசை அறுந்து, வேறோர் ஆண்டில் புது வரிசை தொடங்கும். ஆயினும் எந்த நூற்றாண்டை எடுத்தாலும் இத்தகைய மார்கழிகள் சில அதில் இருக்கும். அரிய காட்சிதான்; ஆனால் ஒரே ஒருமுறை நிகழ்ந்த காட்சி அன்று.

காலத்தை அறுதியிடலாமா

மூன்றாம் கேள்வியே கடினமானது. மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' என்னும் ஆராய்ச்சியில் இப்பாசுரத்தின் கோள்நிலையை ஒரு சான்றாகக் கொண்டு கி.பி. 731-ஆம் ஆண்டைக் காட்டினார். ஒன்பதாம் நூற்றாண்டில் இதே நிலை அமைந்த விடியல்களைச் சுட்டியவர்களும் உளர். நம் குருபரம்பரை வழக்கோ நாச்சியாரின் திருவவதாரத்தைக் கலி 98, நள ஆண்டு, ஆடிப் பூரம் என்று கொள்கிறது. இரு தரத்தாரும் வானத்தைத் தம் பக்கச் சாட்சியாக அழைப்பதைக் கண்டிருக்கிறோம்.

இங்கே வணிகவியலில் முதலாண்டு கற்ற பாடம் ஒன்று கைகொடுக்கிறது. பேரேட்டுக் கணக்குகளின் பற்றையும் வரவையும் எதிரெதிரே எழுதிக் கூட்டுவது இருப்பாய்வு. இரு கூட்டுத்தொகைகளும் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை இருப்பது உறுதி. பொருந்திவிட்டால்? பிழை இல்லை என்பது உறுதியாகாது. ஒரு பிழையை மற்றொரு பிழை ஈடுசெய்திருக்கலாம். ஒருவர் கணக்கில் எழுத வேண்டியதை வேறொருவர் கணக்கில் எழுதியிருக்கலாம். தொகைகள் பொருந்தியதைக் கண்டு நிம்மதியாக வீடு திரும்பி, மறுநாள் பிழை வெளிப்பட்டுத் தலைகுனிந்த அனுபவம் வங்கியில் பணிபுரிந்த பலருக்கும் உண்டு. நமக்கும் உண்டு.

வானக் கணக்கும் அத்தகையதே. எந்த ஆண்டின் மார்கழியில் இக்காட்சி நிகழவில்லையோ, அந்த ஆண்டில் நேரிற்கண்டு பாடியது என்று சொல்ல இடமில்லை. எந்த ஆண்டில் நிகழ்ந்ததோ அந்த ஆண்டுதான் என்று சொல்லவும் இடமில்லை. 731 பொருந்துமானால், 24 ஆண்டு கழிந்த 755-உம் ஏறத்தாழப் பொருந்தும். முதற்பாசுரம் குறிக்கும் முழுநிலவு நாளையும் சேர்த்துப் பார்க்கலாமே எனின், மார்கழிதோறும் முழுநிலவு ஒன்று வருவது வழக்கம். அதனால் நாள் குறுகுமே அன்றி ஆண்டு அதிகம் குறுகாது. நூற்றாண்டைத் தேர்வதற்கு மொழிநடை, கல்வெட்டு, அரசர் வரலாறு, ஸம்ப்ரதாய வழக்கு முதலிய வேறு சான்றுகளை நாட வேண்டும். இவற்றுள் எதற்கு எத்தனை மதிப்பு என்பது வேறு விவாதம். வானம் மட்டும் அதைத் தீர்த்துவைக்காது.

இதனால் நம்முள் சிலர் வருந்தக் கூடும். அறிவியல் நம் பாசுரத்தின் காலத்தை நிரூபித்துவிட்டது என்று மேடையில் சொல்வது இனிமையானதே. ஆனால் தாங்காத சுமையை ஒரு சான்றின்மேல் ஏற்றினால், நாளை அது முறியும்போது கேட்டவர் பாசுரத்தையும் சேர்த்து ஐயுறுவர். பேத்தியின் கேள்விக்கு முன் நாம் நின்ற நிலை அதுவே. வெள்ளி அல்லாததை வெள்ளி என்று காட்டியவர் பிழை செய்தார். பாசுரம் பிழை செய்யவில்லை.

பாசுரத்தின் நோக்கமும் காலத்தை அறுதியிடுவதன்று. உறங்குபவள் ஒருத்தியை எழுப்பி, கூட்டத்தோடு சேர்த்து, கண்ணனிடம் அழைத்துச் செல்வதே நோக்கம். அதற்கு வானத்தை அடையாளம் காட்டினால் போதும் என்று அப்பெண்கள் நினைத்தார்கள் எனின், எழுப்புபவர்களுக்கும் எழுப்பப்படுபவளுக்கும் வெள்ளி எது, வியாழன் எது என்று ஐயமறத் தெரிந்திருந்தது என்பதே பொருள். கடிகாரம் இல்லாத ஆய்ப்பாடியில் அது எல்லாருக்கும் பொதுவான அறிவு. கைப்பேசியில் மணி பார்க்கும் நாம் இழந்தது அந்த அறிவையே.

மீட்பது கடினமன்று. வெளிநாடுகளில் வாழும் அன்பர்களும் இதைச் செய்யலாம். இலண்டனில் மார்கழிச் சூரியன் எட்டு மணிக்குப் பின்னரே எழும்; மெல்பர்னில் அது கோடைக்காலம். எழும் நேரம் ஊருக்கு ஊர் மாறுமே அன்றி, சூரியனுக்கும் வெள்ளிக்கும் இடையிலுள்ள ஐந்து முட்டி வரம்பு எங்கும் ஒன்றே. விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே வந்து கிழக்கே பாருங்கள். மிகுந்த ஒளியுடன் சிமிட்டாமல் நிற்பது வெள்ளியாக இருக்கக் கூடும். மேற்கே அப்படி ஒன்று நின்றால் அது நிச்சயம் வெள்ளி அன்று. வெள்ளி மாலையில் தோன்றும் ஆண்டாயின், அம்மார்கழி விடியல்களில் அதைத் தேட வேண்டா.

கணக்கின்படி 2047 மார்கழித் தொடக்கத்தில் வியாழன் மறைவதும் வெள்ளி எழுவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் அமையும். அப்போது நமக்கு வயது தொண்ணூறு, பேத்திக்கு முப்பத்தாறு. நாள்குறிப்பேட்டில் அந்நாளை எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறோம். எம்பெருமான் திருவுள்ளம் இருப்பின் இருவரும் பார்ப்போம். இல்லையேல் அவள் தன் மக்களை எழுப்பி, கிழக்கே எது, மேற்கே எது என்று பிழையின்றிக் காட்டுவாள். அடியோம் வேண்டுவதும் அவ்வளவே.