பீடியை நிறுத்தவும் மருந்துச் சீட்டு எழுது

தஞ்சாவூர்

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே, "பீடியை விடச் சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்கிறது, திட்டிக்கூடப் பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வதே பெரிய காரியம். 2016-17இல் நாடு முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, மருத்துவரிடம் போன புகைப்பழக்கக்காரர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களுக்குத்தான் அந்த அறிவுரையாவது கிடைத்திருக்கிறது.

ஆனால் சர்க்கரை நோயாளியை நீ அறிவுரையோடு அனுப்பிவிடுவதில்லை. மாத்திரை எழுதுகிறாய், தேதி போடுகிறாய், வராவிட்டால் ஆள்விட்டுக் கேட்கிறாய். பீடிக்கும் அதையே செய். நான் சொல்ல வருவது இதுதான்.

முதலில், சரியாகக் கேள். "பீடி குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாச்சும் ரெண்டு டாக்டரம்மா" என்றுதான் பதில் வரும். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேள். அரை மணிக்குள் பற்றவைக்கிறவர் நிக்கோட்டினுக்கு நன்றாக அடிமைப்பட்டவர். அவருக்குப் பேச்சு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். பதிலை ஓபி சீட்டில் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் குறித்து வை. மருமகள் முன்னால் வைத்து மட்டும் கேட்காதே. மானம் போனவர் மறுபடி வரமாட்டார்.

சொல்வதை அவரவர் நோயோடு சேர்த்துச் சொல். "புற்றுநோய் வரும்" என்பது சினிமாக் கொட்டகையிலேயே கேட்டுச் சலித்தது. காசநோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவரிடம் காசநோயைப் பற்றிப் பேசு. சென்னை ஆய்வாளர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து 2003இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. "இனிமே விட்டு என்ன ஆகப்போவுது" என்கிற பெரியவருக்கு ரிச்சர்ட் டால் பதில் வைத்திருக்கிறார். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2004இல் அவர் சொன்னது: அறுபது வயதில் விட்டாலும் சுமார் மூன்று ஆண்டு ஆயுள் மிஞ்சும், முப்பதில் விட்டால் பத்து.

சம்மதித்தால், இரண்டு வாரத்துக்குள் பீடியை நிறுத்தும் நாளை அவரையே குறிக்கச் சொல். நிக்கோட்டின் சூயிங்கம் எழுதினால், உன் எதிரிலேயே ஒன்றை மெல்ல வை. மிட்டாய்போல் மென்று விழுங்கினால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தில் அதக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி கூடாது. இல்லாவிட்டால் மருந்து வாயில் சரியாக ஏறாது. 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் மாற்று மருந்து இருக்கிறது. உங்கள் மருந்தகத்தில் இல்லையென்றால் எழுதிக் கேள்.

"பீடி இல்லாம காலையில வெளிக்கிப் போக முடியாது" என்பார்கள். சிரிக்காதே. புகையை விட்டதும் மலச்சிக்கல் வருவது உண்மை. வெந்நீர், கீரை, பழம் சொல். எரிச்சலும் தூக்கக்கேடும் முதல் சில நாள் கடுமையாக இருந்து, சில வாரங்களில் தணியும் என்று அவர் மனைவியிடமும் சொல்லி வை. மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் வாங்குகிறவரிடம் கவனம். புகை நின்றால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். அளவைக் குறைக்க நேரும்.

நிறுத்திய முதல் வாரத்திலேயே ஒரு முறை கூப்பிட்டுக் கேள். வழுக்குவது பெரும்பாலும் அப்போதுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரிடமும் விசாரிக்கச் சொல். புகையிலையை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சீட்டிலேயே எழுதிக் கொடு, தமிழிலும் பேசுவார்கள். மறுபடி பிடித்துவிட்டேன் என்று வந்து நின்றால் திட்டாமல் அடுத்த தேதியைப் போடு. பலரும் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் ஓபி கூட்டத்தில் நேரம் ஏது என்பாய். லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் 1979இல் காட்டியதைப் பார். மருத்துவர் ஓரிரு நிமிடம் சொல்லி, ஒரு துண்டறிக்கை கொடுத்து, "பிறகு விசாரிப்போம்" என்று அனுப்பியவர்களில் 5.1 விழுக்காட்டினர் ஓராண்டு புகைக்காமல் இருந்தார்கள். எதுவும் சொல்லாமல் விட்டவர்களில் 0.3 விழுக்காடுதான். நூற்றுக்கு ஐந்து என்பது குறைவாகத் தெரியும். உன் வட்டாரத்தில் ஆயிரம் பேர் புகைத்தால் அது ஐம்பது குடும்பம். இவ்வளவு மலிவாக இத்தனை உயிரைக் காக்கும் மருந்து அரிது. நாளை ஓபியில் உட்கார்ந்ததும் முதல் ஆளிடமே தொடங்கிவிடு, அம்மா.

ஆசிகளுடன்,
பெரியப்பா