ஃபோனோ ப்ரீஆம்ப் முனகுகிறதா? பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள்

மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ஃபோனோ ப்ரீஆம்ப் அதை நூறு மடங்கு பெருக்குகிறது. ஆனால் எல்லா ஒலிக்கும் ஒரே நூறு அல்ல. இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளை அடக்கித்தான் வெட்டுவார்கள். ஆர்ஐஏஏ வளைவுப்படி அவற்றைத் திரும்பத் தூக்கிவிடுவது ப்ரீஆம்பின் வேலை. 50 ஹெர்ட்ஸில் இந்தத் தூக்கல் மட்டுமே ஏழு மடங்கு. ஆக மொத்தம் 700 மடங்கு. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ். திருடன் வரும் வழியில் விளக்கேற்றி வைத்த கதை!

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் கிட் போர்டு ஒன்றை வைத்துச் சொல்கிறேன். என்இ5532 ஐசி இரண்டு, பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் கேட்கும் மூன்று முனைகள். டிரான்ஸ்பார்மரையும் அதே டப்பாவுக்குள் திணித்திருப்பார்கள். பாதித் தொல்லை அங்கேதான்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு ஆர்சிஏ பிளக்குகளில் நடுமுனையையும் வெளி வளையத்தையும் சிறு கம்பியால் சேர்த்துப் பற்றவையுங்கள். டர்ன்டேபிளைக் கழற்றிவிட்டு இவற்றை ப்ரீஆம்பின் இன்புட்டில் செருகி, வழக்கமான வால்யூமில் கேளுங்கள். முனகல் போய்விட்டால் பவர் சப்ளையைத் தொடவே வேண்டாம். டர்ன்டேபிளின் எர்த் கம்பியையும் டோன்ஆர்ம் வயர்களையும் பாருங்கள். போகவில்லை என்றால் காதைத் தீட்டுங்கள். அடிவயிற்றில் அதிர்கிற ஆழமான முனகல் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, கரகரப்போடு வந்தால் 100 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையருக்குப் பின் மிஞ்சும் சிற்றலை, அல்லது ஜீரோ வோல்ட் கம்பி தப்பான இடத்தில் சேர்ந்திருக்கிறது.

இனி பாகங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி ஓர் இடத்தில் அரை மணி நேர வேலை. 15-0-15 வோல்ட், 500 மில்லிஆம்பியர் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, எல்எம்317, எல்எம்337 தலா ஒன்று, 220 ஓம், 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டிரண்டு. 10, 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டிரண்டு. 1என்4007 டயோடு நான்கு. 250 மில்லிஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ். பெரிய கெப்பாசிட்டர் 35 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். "25 வோல்ட் போதும் சார்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். 15 வோல்ட் ஏசியின் உச்சம் 21. லோடு குறைவாகவும் லைனில் வோல்டேஜ் கூடுதலாகவும் இருந்தால் 25-ஐ நெருங்கும்.

10,000 மைக்ரோஃபாரட் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. இந்த போர்டு இழுப்பது ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர். 2200-இலேயே சிற்றலை 90 மில்லிவோல்ட்தான். எல்எம்317-இன் அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் ஒன்றை ஜீரோவுக்குப் போட்டால் ரெகுலேட்டர் அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக அடக்கும். கெப்பாசிட்டர் பெருக்கப் பெருக்க, அது கரன்ட்டை இன்னும் குறுகிய நேரத்தில் வெடுக்கென்று இழுக்கும். அந்தத் துடிப்பு ஜீரோ கம்பியில் ஓடினால் புதுத் தலைவலி.

ரெகுலேட்டரில் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே 220 ஓம், அட்ஜஸ்ட்டிலிருந்து ஜீரோவுக்கு 2.4 கிலோ ஓம். கணக்கு 15 வோல்ட்டில் வந்து நிற்கும். 47 மைக்ரோஃபாரட் அவுட்புட்டில். டயோடு ரெகுலேட்டருக்கு இரண்டு: அவுட்புட்–இன்புட் இடையே ஒன்று, அவுட்புட்–அட்ஜஸ்ட் இடையே ஒன்று. 337 பக்கத்தில் டயோடும் கெப்பாசிட்டரும் தலைகீழாகத் திரும்ப வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எழுத்து நம்மைப் பார்த்தபடி வைத்தால் 317-இன் கால்கள் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். 337-இல் அட்ஜஸ்ட், இன்புட், அவுட்புட். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து நான் ஒரு முறை சால்டர் செய்துவிட்டேன். சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் ஒரு கெப்பாசிட்டர் "டப்" என்றது. மீன் அழுகிய மாதிரி நாற்றம் அறையை விட்டுப் போக இரண்டு நாள். முதுகிலுள்ள உலோகத் தகடும் நடுக்காலோடு சேர்ந்தது. அதனால் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்றோ டப்பாவையோ தொடக் கூடாது. ஹீட்சிங்க் வேண்டாம், அவ்வளவு சூடாகாது.

டிரான்ஸ்பார்மரின் நடுக்கம்பி, இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் சேரும் புள்ளிக்கு வரட்டும். அங்கிருந்து தனிக் கம்பி ப்ரீஆம்புக்கு. டிரான்ஸ்பார்மர் முனையிலிருந்தே நேராக இழுத்தால் கரகரப்பு வந்தே தீரும்.

டிரான்ஸ்பார்மர், ஃப்யூஸ், ரெக்டிஃபையர், பெரிய கெப்பாசிட்டர்கள் தனி இரும்பு டப்பாவில். ரெகுலேட்டர்கள் ப்ரீஆம்ப் டப்பாவுக்குள், போர்டுக்கு அருகில். நடுவே ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று கம்பி கேபிள். தூரம் இரு மடங்கானால் காந்தப்புலம் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். ஒரு மீட்டர் என்பது பெரிய தூரம். இரும்பு டப்பாவுக்கு மூன்று முள் பிளக் வழியாக எர்த் கட்டாயம். முனகலை நிறுத்த எர்த் முள்ளை வெட்டுகிற வழக்கம் உயிருக்கு ஆபத்து.

முதல் முறை பவர் கொடுக்கும்போது ப்ரீஆம்ப் போர்டை இணைக்காதீர்கள். லைனில் 40 வாட் பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள். அது பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட்; உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். எரியாவிட்டால், பல்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு அவுட்புட்டிலும் 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரை லோடாக வைத்து மீட்டரில் அளவிடுங்கள். பிளஸ் 15, மைனஸ் 15, அரை வோல்ட் முன்பின் இருந்தால் கவலை இல்லை. பிறகு பவரை நிறுத்தி, கெப்பாசிட்டர் காலியானதை மீட்டரில் பார்த்த பிறகே போர்டை இணையுங்கள். 230 வோல்ட் வயரிங்கில் பழக்கமில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டின் குரல் மாறும், மேடை விரியும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் தட்டின் உராய்வைத் தவிர வேறு சத்தம் இல்லை, அவ்வளவுதான். செலவு ஒரு புது எல்பியின் விலைக்குள் முடிந்தது. இதற்கு மேல் பவர் சப்ளைக்குப் பணம் போடாதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஊசி வாங்குங்கள்.