பல்கலைக்கழகப் பிள்ளைகளும் வெளியே தெரியாத சுமைகளும்



எம்மவர் வீடொன்றில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால், அது அந்த வீட்டாருக்கு மட்டுமல்ல, இனசனம் முழுவதற்குமே ஒரு திருவிழாதான். விஜயதசமியன்று மடியில் இருத்தி அரிசியில் ஏடு தொடக்கிய பிள்ளை பட்டதாரியாகப் போகிறது என்ற பெருமை எவருக்குத்தான் இராது? எச்.எஸ்.சி. பரீட்சை முடியும் வரை ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிறோம். பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லி அர்ச்சனை செய்கிறோம். ஆனால் பிள்ளை பல்கலைக்கழகத்தில் காலடி வைத்ததும், "இனி அவன் தானாகப் பார்த்துக்கொள்வான்" என்று எமது கையை எடுத்துவிடுகிறோம். உண்மையில் துணை அதிகம் தேவைப்படும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரில் பெற்ற பாடம்

நான் வன்னியில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்து பட்டப்படிப்பைப் படித்தவன். 2002 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஏ-9 பாதை 2006 ஆகஸ்டில் முகமாலையில் மூடப்பட்டதை உங்களிற் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோர் பாதைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வீட்டிலிருந்து வந்த காசு நின்றுபோனது. குடாநாட்டில் அரிசிக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. வன்னியிலிருந்து வந்து படித்த மாணவர் பலரின் நிலை இதுவாகவே இருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் என்னில் ஒரு குறையும் தெரியாது. தோய்த்து மடித்த சேட்டுடன் விரிவுரைக்குப் போவேன், குறிப்பும் எழுதுவேன். ஆனால் ஒரு வரியும் மனதில் நிற்காது. ஒரு பாடத்தின் பரீட்சைக்கு மண்டப வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊரில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை எப்படிச் சொல்வது?

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு எழுத்து வாசிப்பு அதிகம் இல்லை. ஒருநாள் காலையில் அவர் கேட்டார்: "தம்பி, ராத்திரி முழுக்க விளக்கு எரிஞ்சுது. நித்திரை வரேல்லையோ? சாப்பிட்டும் ரெண்டு நாளாச்சுப் போல." படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அன்று முதல் வீட்டு வாடகை கேட்கவுமில்லை, ஒரு நேரச் சோற்றை நிறுத்தவுமில்லை. விட்ட பாடத்தை அடுத்த முறை எழுதிச் சித்தியடைந்தேன். இன்று நான் கணக்காளனாக இருப்பதற்கு அந்த அம்மாவின் ஒரு கேள்வியும் காரணம்.

மெரிலேண்ட்ஸில் கண்டது

2024 ஜூலையில் வருமான வரிப் பத்திரம் நிரப்புவதற்காக ஒரு தந்தையும் மகனும் என்னிடம் வந்தார்கள். (அவர்களின் சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) "அடுத்த வருஷம் இவருக்குக் கடைசி வருஷம்" என்று தந்தை பெருமையுடன் சொன்னார். காரை வேறிடத்தில் நிறுத்துவதற்காக அவர் வெளியே போனதும், மகன் தணிந்த குரலில் சொன்னான்: "அங்கிள், நான் போன வருஷம் ஒரு பாடமும் பாஸ் பண்ணேல்லை. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நடந்தது இதுதான். தந்தைக்கு வேலையிடத்தில் முதுகில் அடிபட்டு வருமானம் குறைந்தது. மகன் ஒருவரிடமும் சொல்லாமல் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலையை எடுத்தான். தாயை வைத்தியரிடம் கூட்டிச்சென்று மொழிபெயர்ப்பதும் அவன்தான். காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெரிலேண்ட்ஸ் ஸ்ரேசனில் ரெயில் ஏறுவான், நூலகத்தில் மேசையில் தலைவைத்து நித்திரை கொள்வான். பிள்ளை ஒழுங்காகக் கம்பசுக்குப் போகிறான் என்றே வீட்டார் நினைத்தார்கள். படிக்காத பாடங்களுக்கெல்லாம் ஹெக்ஸ் கடன் மட்டும் அவன் பெயரில் ஏறிக்கொண்டே இருந்தது.

அன்று நான் தந்தைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மகனிடம், "நீர் சொல்லும் நேரம் நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். பத்து நாளின் பின் அவனாகவே சொன்னான். தந்தை கோபிப்பார் என்றே நானும் பயந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எனக்காகவோ ராசா இந்த வேலைக்குப் போனனீ?"

காலம் தாழ்த்தினால் என்ன செலவு?

கணக்கில் ஒரு பிழையை மாத முடிவில் கண்டால் அழித்து எழுதலாம். ஆண்டு முடிவில் கண்டால் பெரும்பாடு. படிப்பிலும் அப்படியே. பின்வரும் விடயங்களை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, சென்சஸ் திகதி. ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி ஒரு திகதி உண்டு. பல இடங்களில் இது மார்ச், ஆகஸ்ட் மாதக் கடைசியை ஒட்டி வரும். அதற்கு முன் பாடத்திலிருந்து விலகினால் கட்டணக் கடன் ஏறாது. அதன் பின் விலகினாலும் சித்தியடையாவிட்டாலும் கடன் கடன்தான்.

இரண்டாவது, விசேட சூழ்நிலை விண்ணப்பம். நோய், குடும்பத்தில் இழப்பு போன்று மாணவரின் சக்திக்கு மீறிய காரணம் ஒன்று சென்சஸ் திகதிக்குப் பின் முழுமையாகத் தாக்கி, பாடத்தை முடிக்க இயலாமற் செய்திருந்தால், அக்கடனை நீக்கும்படி பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். வைத்தியர் கடிதம் போன்ற சான்றுகள் வேண்டும். விலகிய நாளிலிருந்து, அல்லது அப்பாடக் காலம் முடிந்ததிலிருந்து, 12 மாதத்துக்குள் விண்ணப்பிப்பதே பொதுவான விதி. மேற்சொன்ன மாணவனின் 2023 இரண்டாம் தவணைக் கடன் நீங்கியது. முதலாம் தவணைக்கு 12 மாதம் கடந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அந்தக் கடன் அப்படியே நின்றுவிட்டது. சில வார மௌனத்தின் விலை அது.

மூன்றாவது, பரீட்சை நேரத்தில் சுகவீனம் வந்தால் உடனே கேட்கும் சலுகை. இதற்கு அனேகமாகச் சில நாட்களே அவகாசம் உண்டு. "பிறகு பார்ப்போம்" என்று விடக்கூடாது.

சட்டமும் பெற்ற பாடம்

2022 இல் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு ஒரு கடுமையான விதி வந்தது. பட்டப்படிப்பில் எட்டுப் பாடங்களுக்குப் பின் அரைவாசியாவது சித்தியடையாதவர், அப்படிப்புக்கான அரச உதவியை இழப்பார் என்பதே அது. அவ்விதி 27 பல்கலைக்கழகங்களில் 13,000 க்கும் மேற்பட்ட மாணவரைப் பாதித்தது என்றும், பெரும்பாலோர் வசதி குறைந்த குடும்பத்தவர் என்றும் கல்வி அமைச்சர் ஜேசன் கிளேர் தெரிவித்தார். 2024 தொடக்கம் அவ்விதி நீக்கப்பட்டது. பின்தங்கும் மாணவரை நேரத்தோடு இனங்கண்டு உதவுவது பல்கலைக்கழகங்களின் கடமையாக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 1 முதல் தேசிய மாணவர் குறைகேள் அதிகாரியும் இயங்குகிறார். அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை. பின்தங்கும் பிள்ளையைத் தண்டிப்பது பயனற்றது என்பதை அரசே ஏற்று விதியை மாற்றியிருக்கும்போது, எமது வீடுகளில் இன்னும் பழைய விதியை வைத்திருக்கலாமா?

விசா என்னும் சுமை

நானும் படகில் வந்து பல ஆண்டுகள் தற்காலிக விசாவில் இருந்தவன். 2023 பெப்ரவரியில் அரசு எடுத்த முடிவால், தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. நிரந்தர விசா கிடைத்தபின் அவர்களின் பிள்ளைகளும் கல்விக் கடன் பெறலாம். ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு இன்னும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. இங்கேயே பள்ளிக்கூடம் போய் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைக்கும் வெளிநாட்டு மாணவருக்குரிய முழுக் கட்டணம் கேட்கப்படுகிறது. அத்தகைய பிள்ளையிடம் கோவில் வீதியில் வைத்து, "ஏன் இன்னும் யூனி தொடங்கேல்லை?" என்று கேட்பது புண்ணில் குத்துவது போன்றது. அவர்களுக்கெனச் சில பல்கலைக்கழகங்களில் புலமைப்பரிசில்கள் உள்ளன. விண்ணப்பத்தை நிரப்ப ஒரு கை கொடுப்பதே உண்மையான உதவி.

நாம் செய்யக்கூடியவை

புள்ளியைக் கேட்பதற்கு முன் நித்திரையையும் சாப்பாட்டையும் கேளுங்கள். மற்றவர் பிள்ளையுடன் ஒப்பிடாதீர்கள். குடும்பத்தின் பணக் கஷ்டத்தைப் பிள்ளைக்கு மறைக்கவும் வேண்டாம், முழுச் சுமையையும் அதன் தலையில் ஏற்றவும் வேண்டாம். வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூப்பிடாமல், 131 450 என்ற இலக்கத்தில் அரச மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறதெனச் சொல்லி ஒழுங்கு செய்யுங்கள்.

மனச்சோர்வு என்றால் குடும்ப வைத்தியரிடம் போகலாம். அவர் எழுதும் மனநலத் திட்டத்தின்படி ஆண்டுக்கு 10 தடவை வரை உளவியலாளரைச் சந்திக்க மெடிகெயர் பணம் தரும். போரும் சித்திரவதையும் தந்த காயங்களுக்கு, 1988 முதல் இம்மாநிலத்தில் இயங்கும் ஸ்ராட்ஸ் நிறுவனம் இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. உயிரை வெறுத்துப் பேசும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். லைஃப்லைன் 13 11 14 இரவு பகலாக இயங்குகிறது. உடனடி ஆபத்தென்றால் 000. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெற்றோருக்குச் சொல்லப் பயமென்றால் முதலில் ஒரு மாமாவிடமோ அக்காவிடமோ சொல்லுங்கள். ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். திகதிகள் எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

வீட்டில் கூடிப் பேசுவதற்கு

1. எங்கள் பிள்ளையின் இந்தத் தவணைச் சென்சஸ் திகதி எது?
2. பாடமொன்றில் சித்தியடையாவிட்டால் இந்த வீட்டில் முதலில் யாரிடம் சொல்லலாம்? பிள்ளையே பதில் சொல்லட்டும்.
3. குடும்ப வேலைகளில் பிள்ளை சுமப்பவை எவை? அவற்றில் எதை நாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்?

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வரும் வழியில் காரில் பத்து நிமிடம் கிடைக்கும். வானொலியை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "நித்திரை வருகுதோ பிள்ளை?" பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.